குருவே சரணம் – 12: எல்லாருக்கும் கொஞ்சம் தெரிந்திருந்தது

1989ஆம் ஆண்டின் முற்பாதியில் டோக்கியோ மாநகர அரசுக்கு ஒரு தலைவலி வந்து சேர்ந்தது. ஓம் ஷின்ரிக்யோ என்ற அமைப்பு, தன்னைச் சட்டப்படி மதநிறுவனமாகப் பதிவு செய்யச் சொல்லி விண்ணப்பித்திருந்தது. எதிர்ப்பக்கத்திலிருந்து பெற்றோர்களின் புகார்கள் வந்துகொண்டிருந்தன. வீட்டைவிட்டுப் போன மகனைப் பார்க்க விடமாட்டேன் என்கிறார்கள், மகள் சேமிப்பையெல்லாம் மடத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள் என்று அழுகையும் ஆத்திரமுமாக. அதிகாரிகள் இழுத்தடித்தார்கள். சீடர்கள் கூட்டமாக வந்து அலுவலகத்தில் நின்று சத்தம் போட்டார்கள், நீதிமன்றம் போவோம் என்றார்கள். ஆகஸ்டில் பதிவு கிடைத்துவிட்டது.

சென்ற இதழை விட்டுவிட்டவர்களுக்காகச் சுருக்கமாக: கியூஷூ தீவில் பாய் முடைபவரின் மகனாகப் பிறந்தவர் சிசுவோ மட்சுமோட்டோ. ஒரு கண்ணில் பார்வையே இல்லை, மறு கண்ணில் அரைகுறை. போலி மருந்து விற்று அபராதம் கட்டினார். பிறகு டோக்கியோவில் யோகா வகுப்பு, இமயமலைப் பயணம், ஞானம் பெற்றுவிட்டதாக அறிவிப்பு. ஷோகோ அசஹாரா என்ற குரு உருவான கதை இதுதான். இந்த வாரம் அவரைச் சற்று ஓரமாக உட்கார வைத்துவிட்டு, மடத்துக்கு வெளியே இருந்தவர்களைப் பார்க்கப்போகிறோம். போலீஸ், தொலைக்காட்சி, பத்திரிகை, பக்கத்து ஊர்க்காரர்கள், படித்த பெரியவர்கள். ஓம் அமைப்பின் கைவரிசையில் ஒரு துண்டாவது இவர்கள் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்தது. அவற்றைச் சேர்த்து வைத்துப் பார்க்க மட்டும் ஆளில்லாமல் ஐந்து வருஷத்துக்கு மேல் ஓடியது.

முதலில் அந்தப் பதிவு எதற்கு என்று தெரிய வேண்டும். ஜப்பானில் மதநிறுவனமாகப் பதிவானால் வரிச்சலுகை உண்டு. அதைவிடப் பெரிய லாபம், அரசாங்கம் வாசல்படி ஏறத் தயங்கும். காரணம் பழையது. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய ஜப்பானிய அரசு, தனக்குப் பிடிக்காத மதங்களை நசுக்கித் தள்ளியது. 1930களில் ஓமோட்டோ என்ற மதத்தின் தலைமையகக் கட்டடங்களை வெடிவைத்துத் தகர்த்ததே அந்த அரசு. போருக்குப் பின் வந்த அரசியல் சாசனம் மதச் சுதந்திரத்தை உறுதி செய்தது. 1951ஆம் ஆண்டின் மதநிறுவனச் சட்டம் அதற்கு வேலி போட்டது. அதன்பின் ஜப்பானியப் போலீஸ் மதம் என்ற சொல்லைக் கேட்டாலே சூடுபட்ட பூனையாகிவிட்டது.

பதிவு கிடைத்தபோது மடத்துக்குள் ஏற்கெனவே இரண்டு சாவுகள் நடந்திருந்தன. 1988இல் ‘தவப்பயிற்சி’ என்ற பெயரில் குளிர்ந்த நீரில் முக்கப்பட்ட சீடர் ஒருவர் இறந்தார். உடலை இரகசியமாக எரித்தார்கள். அதைப் பார்த்த இன்னொரு இளைஞர் மடத்தைவிட்டுப் போக விரும்பினார். 1989 பிப்ரவரியில் அவரைக் கழுத்தை நெரித்துக் கொன்றார்கள். இந்த இரண்டும் வெளியில் யாருக்கும் தெரியாது; அதற்காக யாரையும் குறை சொல்ல முடியாது. அடுத்தது அப்படியல்ல.

யோகோஹாமாவில் ட்சுட்சுமி சகமோட்டோ என்று ஒரு வழக்கறிஞர். வயது 33. பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர்களின் சார்பில் ஓம் அமைப்போடு மோதிக்கொண்டிருந்தார். அவர் பிடித்த பிடி கூர்மையானது. அசஹாராவின் ரத்தத்தைக் குடித்தால் ஆன்மிகச் சக்தி ஏறும் என்று சொல்லி, ஒரு தடவைக்கு 10 லட்சம் யென் வாங்கிக்கொண்டிருந்தது மடம். அந்த ரத்தத்தில் விசேஷமான மரபணு இருப்பதாகக் கியோட்டோ பல்கலைக்கழகம் சோதித்துச் சொன்னதென்று விளம்பரம் வேறு. சகமோட்டோ பல்கலைக்கழகத்தையே கேட்டார். அப்படியொரு சோதனை நடக்கவே இல்லை. தத்துவ விவாதத்துக்கெல்லாம் போகாமல், நேராக மோசடி என்று நிரூபிக்கக்கூடிய இடத்தில் கைவைத்துவிட்டார். மடத்துக்கு உறைத்தது அதுதான்.

அக்டோபரில் டிபிஎஸ் தொலைக்காட்சி அவரைப் பேட்டி எடுத்தது. 26ஆம் தேதி, இன்னும் ஒளிபரப்பாகாத அந்த நாடாவைப் பார்க்க வேண்டுமென்று ஓம் நிர்வாகிகள் மூவர் நிலையத்துக்கு வந்து நின்றார்கள். ஊழியர்கள் போட்டுக் காட்டினார்கள். பேட்டி ஒளிபரப்பாகவே இல்லை. நாடாவை எதிராளி பார்த்துவிட்டுப் போன விஷயத்தைச் சகமோட்டோவிடம் ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. 31ஆம் தேதி அதே மூவர் அவருடைய அலுவலகத்துக்கு வந்து வாக்குவாதம் செய்துவிட்டுப் போனார்கள்.

அவரை வேலை முடிந்து வரும் வழியில் பிடிப்பதுதான் அசல் திட்டம். நவம்பர் 3 அரசு விடுமுறை நாள் என்பது ஆறு பேர் கொண்ட அந்தக் கும்பலுக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. ரயில் நிலையத்தருகே காத்திருந்தவர்களில் ஒருவர் வீட்டுக் கதவைப் போய்ப் பார்த்தார். பூட்டப்படவில்லை. 4ஆம் தேதி விடியற்காலை 3 மணியளவில் உள்ளே நுழைந்தார்கள். சகமோட்டோ, அவருடைய மனைவி சட்டோகோ, ஒரு வயதைத் தாண்டியிருந்த மகன் டட்சுஹிகோ மூவரையும் கொன்றார்கள். உடல்களை நீகாட்டா, டொயாமா, நகானோ என்று மூன்று மாகாணங்களில் தனித்தனியாகப் புதைத்தார்கள். ஒரே இடத்தில் புதைத்தால் கண்டுபிடிப்பது எளிது என்ற கணக்கு.

கொலையாளிகளில் ஒருவர், டொமோமாசா நககாவா என்ற இளம் மருத்துவர், தன் சட்டையில் குத்தியிருந்த பதக்கத்தை அந்த வீட்டில் தவறவிட்டிருந்தார். சீடர்கள் மட்டும் அணியும் பதக்கம். அதன் பெயர் ‘புருஷா’. குடும்பமே காணாமல் போன வீட்டில், அந்தக் குடும்பத் தலைவர் எதிர்த்துப் போராடிய அமைப்பின் சின்னம் கிடக்கிறது. இதற்கு மேல் ஒரு போலீஸ்காரருக்கு என்ன துப்பு வேண்டும்? ஆனால் கனகாவா மாகாணப் போலீஸுக்கும் சகமோட்டோ வேலை பார்த்த இடதுசாரிச் சாய்வுள்ள அலுவலகத்துக்கும் ஏற்கெனவே உரசல். குடும்பம் தானாகவே எங்கோ போயிருக்கலாம் என்ற பேச்சு கிளம்பியது. ஓம் அமைப்பு, இந்தப் பதக்கம் ஏராளமானவர்களிடம் இருக்கிறது, எங்களை மாட்டிவிட யாரோ போட்டிருக்கிறார்கள் என்றது. அந்தப் பதில் போதுமானதாக இருந்தது.

இன்னும் கேளுங்கள். 1990 பிப்ரவரியில் அந்த ஆறு பேரில் ஒருவர், கசுவாக்கி ஒகசாகி, பணத்தோடு மடத்தைவிட்டு ஓடினார். குழந்தையைப் புதைத்த இடத்தின் வரைபடத்தைப் பெயர் போடாத கடிதத்தோடு போலீஸுக்கு அனுப்பினார். மனச்சாட்சி உறுத்தி அல்ல; அசஹாராவிடம் பேரம் பேச அவருக்கு ஒரு பிடி வேண்டியிருந்தது. போலீஸ் நகானோ மலைப்பகுதிக்குப் போய்த் தோண்டியது, ஒன்றும் கிடைக்கவில்லை என்று திரும்பியது. 1995 செப்டம்பரில் கொலையாளிகளின் வாக்குமூலத்தை வைத்துத் தோண்டியபோது குழந்தையின் எலும்புகள் அந்தப் பகுதியிலேயே கிடைத்தன. நாடா விஷயத்தை டிபிஎஸ் ஒப்புக்கொண்டது 1996 மார்ச்சில். அதுவரை மறுத்துக்கொண்டே இருந்தது. அன்றிரவு அதே நிலையத்தின் முன்னணிச் செய்தியாளர் நேரலையில், டிபிஎஸ் இன்று செத்துவிட்டது என்று சொன்னார்.

எனக்கு இந்த இடத்தில்தான் ஓம் வரலாற்றின் முடிச்சு இருப்பதாகத் தோன்றுகிறது. கொலை செய்தவர்கள் அடுத்த சில வாரங்கள் பயந்துகொண்டுதான் இருந்திருப்பார்கள். யாரும் வரவில்லை. வராதது குருவின் மகிமையாக ஆனது. போலீஸ் கோட்டைவிட்ட ஒவ்வொரு மாதமும் மடத்துக்குள் ஓர் அற்புதமாக வரவு வைக்கப்பட்டது.

1990 பிப்ரவரிப் பொதுத்தேர்தல் கொஞ்சம் சிரிக்கவைக்கும். ஓம் அமைப்பு ஷின்ரிட்டோ என்ற கட்சி தொடங்கி அசஹாராவோடு சேர்த்து 25 பேரை நிறுத்தியது. சீடர்கள் அவருடைய தாடி முகத்தைப் பெரிய முகமூடியாகச் செய்து மாட்டிக்கொண்டு தெருவில் ஆடினார்கள். பெண்கள் யானைத்தலைத் தொப்பி போட்டிருந்தார்கள். ஆம், நம் பிள்ளையார்தான். ‘ஷோகோ, ஷோகோ’ என்று குருவின் பெயரையே திரும்பத் திரும்பச் சொல்லும் பாட்டு. டோக்கியோ சிரித்தது. 25 பேரும் தோற்றார்கள். அசஹாராவுக்குக் கிடைத்தவை 1,783 ஓட்டுகள். வாக்கு எண்ணிக்கையில் சதி என்றார். அதற்குப் பிறகு மக்களைத் திருத்திக் காப்பாற்றுவது என்ற பேச்சு மறைந்து, உலகம் அழியப்போகிறது, நாம் மட்டும் பிழைப்போம் என்ற பேச்சு முன்னுக்கு வந்தது. அதே வருஷம் ஏப்ரலில் பொட்டுலினம் நஞ்சை லாரிகளில் ஏற்றித் தெளிக்கப் பார்த்தார்கள். நஞ்சு வேலை செய்யவில்லை. தெளித்தது யாருக்கும் தெரியவும் இல்லை.

இங்கே நம் ஆட்களுக்கு ஒரு கூச்சம் வரும். மடத்தின் பெயர் ஓம். கட்டடங்களின் பெயர் முதலாம் சத்யம், இரண்டாம் சத்யம் என்று வரிசையாக. சீடர்களுக்குச் சமஸ்கிருத, பாலி, திபெத்தியப் பெயர்கள். ஒசாகா பல்கலைக்கழகத்தில் வான்இயற்பியல் படித்துவிட்டு எஃகு நிறுவனத்தில் வேலை பார்த்த ஹிடியோ முராய்க்கு ‘மஞ்சுஸ்ரீ மித்ரா’. கேயோ பல்கலைக்கழகத்தில் பயின்ற இதய அறுவை மருத்துவர் இக்குவோ ஹயாஷிக்குக் ‘கிருஷ்ணானந்தா’. நுண்ணுயிர் வளர்க்கும் பொறுப்பில் இருந்த செய்ச்சி எண்டோவுக்கு ‘ஜீவகர்’, அதாவது புத்தருக்கு வைத்தியம் பார்த்தவரின் பெயர். அந்த ஜீவகர்தான் ஆந்த்ராக்ஸ் வளர்த்தார்.

இவ்வளவு படித்தவர்கள் எப்படி என்ற கேள்வியை எல்லாரும் கேட்கிறார்கள். படிப்பு இங்கே தடையே அல்ல என்பது என் எண்ணம். துறவு மேற்கொண்டவர்கள் சொத்தையெல்லாம் மடத்துக்கு எழுதிவைத்தார்கள், குடும்பத்தை வெட்டிக்கொண்டார்கள், குறைவாகத் தூங்கினார்கள், ஒருவேளைச் சோற்றில் கிடந்தார்கள். பின்னாளில் எல்எஸ்டி போதை மருந்தையும் தீட்சை என்று கொடுத்தார்கள். இதையெல்லாம்விட வலுவான கயிறு ஒன்று இருந்தது. குருவின் ஆணை உன் மனச்சாட்சிக்கு ஒவ்வவில்லையா? அதுதான் சோதனை. தயங்கினால் உன் அகந்தை இன்னும் சாகவில்லை என்று அர்த்தம். இப்படிச் சொல்லிவைத்துவிட்டால், நன்றாக யோசிக்கத் தெரிந்தவர் தன் சந்தேகத்தைத் தானே இன்னும் நன்றாக அடக்கிக்கொள்வார். கொலைக்கும் ஒரு திருப்பெயர் இருந்தது. திபெத்திய பௌத்தத்தில் ‘போவா’ என்றால் சாகும் தறுவாயில் உணர்வை மேல்நிலைக்கு ஏற்றும் பயிற்சி. அசஹாரா அதை, பாவம் சேர்த்துக்கொண்டிருப்பவனைக் கொன்று அவனை நல்ல பிறவிக்கு அனுப்புவது என்று திருகினார். கொல்பவன் கருணை செய்கிறான்.

வெளியே இந்தக் குருவுக்கு மவுசு கூடிக்கொண்டே போனது. 1991, 92இல் அவர் தொலைக்காட்சி அரட்டைகளில் உட்கார்ந்தார், பல்கலைக்கழகங்களில் சொற்பொழிவாற்றினார். மத ஆய்வாளர்கள் சிலர் அவரைப் பொருட்படுத்திப் பேசினார்கள். சோவியத் ஒன்றியம் உடைந்த பிறகு ரஷ்யாவில் ஜப்பானைவிடப் பெரிய சீடர் கூட்டம் சேர்ந்தது. அங்கிருந்து ஒரு மி-17 ஹெலிகாப்டரும் வந்தது. ஒரு யோகா மடத்துக்கு ராணுவ ரக ஹெலிகாப்டர் எதற்கு?

அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் அக்கம்பக்கத்துக் கிராமத்தார்தான். குமமோட்டோ மாகாணத்தின் நமினோ கிராமத்தில் ஓம் நிலம் வாங்கியபோது ஊரே எதிர்த்தது. வருஷக்கணக்கில் வழக்கு. கடைசியில் சீடர்களை வெளியேற்ற அந்தச் சின்னக் கிராமம் 92 கோடி யென் கொடுக்க ஒத்துக்கொண்டது. ஃபூஜி மலையடிவாரத்தில் இருந்த கமிகுயிஷிகி கிராமத்தில், பால்மாடு வளர்ப்பவர்களுக்கு நடுவே, ஜன்னல் இல்லாத தகரக் கட்டடங்கள் எழும்பின. ஊர்க்காரர்கள் முறைவைத்து நின்று யார் வருகிறார்கள், எந்த லாரி போகிறது என்று கண்காணித்தார்கள். அவர்கள் கொடுத்த புகார்களை எடுத்து வைக்கத்தான் அதிகாரிகள் இருந்தார்கள்.

1993 கோடையில் டோக்கியோவின் கமெய்டோ பகுதியில் ஓம் கட்டடத்து மாடியிலிருந்து வீசிய துர்நாற்றத்துக்காக மக்கள் புகார் கொடுத்தார்கள். அதிகாரிகளை உள்ளே விடச் சீடர்கள் மறுத்துவிட்டார்கள். கட்டடச் சுவரில் வழிந்திருந்த திரவத்தை மாதிரி எடுத்து வைத்ததோடு அதிகாரிகளின் வேலை முடிந்தது. பல வருஷம் கழித்து அதைச் சோதித்தபோது ஆந்த்ராக்ஸ் என்று தெரிந்தது. கால்நடைத் தடுப்பூசிக்குப் பயன்படும் வீரியமற்ற ரகம் என்பதால் யாரும் சாகவில்லை. ஊர் பிழைத்தது எண்டோவின் தவறான தேர்வால். அதே 1993 செப்டம்பரில் அசஹாரா ஒரு கூட்டத்தோடு ஆஸ்திரேலியாவில் இறங்கினார். பெட்டிகளில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருந்தது, கை கழுவும் சோப்பு என்று சீட்டு ஒட்டி. சுங்கத்தார் பிடித்தார்கள், இருவர் அபராதம் கட்டினார்கள். மற்றவர்கள் மேற்கு ஆஸ்திரேலியாவின் பாலைநிலத்தில் மடம் வாங்கியிருந்த பஞ்ஜவார்ன் ஆட்டுப் பண்ணைக்குப் போனார்கள். அங்கே செத்த ஆடுகளின் மீதும் மண்ணின் மீதும் சரின் விஷத்தின் எச்சம் பின்னால் கண்டுபிடிக்கப்பட்டது.

இனி மட்சுமோட்டோ. குருவின் பிறவிப்பெயர் அல்ல, நகானோ மாகாணத்து நகரம். அங்கே ஒரு நில வழக்கில் தீர்ப்பு தங்களுக்கு எதிராக வரும் என்று மடம் நினைத்தது. 1994 ஜூன் 27 இரவு, மாற்றியமைத்த ஒரு குளிர்சாதன லாரியிலிருந்து நீதிபதிகளின் குடியிருப்பை நோக்கிச் சரின் ஆவியை விட்டார்கள். ஏழு பேர் இறந்தார்கள், நூற்றுக்கணக்கானவர்கள் பாதிக்கப்பட்டார்கள். நீதிபதிகளும் நோயில் விழுந்தார்கள், தீர்ப்பு தள்ளிப்போனது.

அவசர உதவிக்கு முதலில் போன் செய்தவர் யோஷியுக்கி கோனோ. வீட்டுத் தோட்டத்தில் அவருடைய நாய்கள் செத்துக்கிடந்தன, மனைவி வலிப்பில் துடித்தார். மறுநாளே போலீஸ் அவர் வீட்டைச் சோதனை போட்டது. படம் கழுவுவதற்காக அவர் வைத்திருந்த சில ரசாயனங்கள் கிடைத்தன. போதுமே! பூச்சிமருந்து கலக்கும்போது கை தவறி விஷவாயு கிளம்பிவிட்டது என்று பத்திரிகைகள் கதை கட்டின. சில நாளிலேயே அது சரின் என்று தெரிந்தது. சரினை வீட்டு வாளியில் கலக்க முடியாது என்று வேதியியலாளர்கள் சொன்னார்கள். அதற்குப் பிறகும் அந்த மனிதரை விடவில்லை. கொலைகாரன் என்று கடிதங்கள், மிரட்டல் போன்கள், மணிக்கணக்கில் விசாரணை. தானும் விஷத்தால் பாதிக்கப்பட்டுக் காய்ச்சலில் கிடந்தார். மனைவி நினைவு திரும்பாமலே 14 வருஷம் கிடந்து 2008இல் இறந்தார். பெரிய பத்திரிகைகள் மன்னிப்புக் கேட்டது 1995இல், எல்லாம் முடிந்த பிறகு. கோனோ பிற்பாடு நடந்துகொண்ட விதம் தனி அத்தியாயத்துக்கு உரியது. லாரியைத் தயார் செய்ய உதவிச் சிறைக்குப் போய்வந்த சீடர் ஒருவர் மன்னிப்புக் கேட்டு வந்தபோது, அவரை வீட்டுக்குள் அழைத்தார். அந்த ஆள் பிறகு அவ்வப்போது வந்து தோட்டத்து மரங்களைக் கத்தரித்துக் கொடுத்தார்.

மட்சுமோட்டோ நடந்த இரண்டு வாரத்துக்குள், ஜூலை 1994இல், கமிகுயிஷிகியில் இரவில் நெடி கிளம்பியது. ஊர்க்காரர்களுக்குக் கண்ணெரிச்சல், மூச்சுத்திணறல், செடிகள் கருகின. போலீஸுக்குச் சொன்னார்கள். மண்ணை எடுத்துச் சோதித்தபோது, சரின் சிதைந்தால் மட்டும் மிஞ்சும் பொருள் அதில் இருந்தது. இது இலையுதிர்காலத்திலேயே போலீஸுக்குத் தெரியும். ஆனால் மட்சுமோட்டோ நகானோ போலீஸின் வழக்கு, கமிகுயிஷிகி யமனாஷி போலீஸின் எல்லை, சகமோட்டோ கனகாவாவுடையது. ஜப்பானில் ஒவ்வொரு மாகாணத்துக்கும் தனிப் போலீஸ். மூன்று கோப்புகள் மூன்று அலமாரிகளில் இருந்தன.

1995 புத்தாண்டு தினத்தன்று யோமியுரி நாளேடு முதல் பக்கத்தில் அந்த மண்சோதனை முடிவைப் போட்டது. மடம் பதறியது. இரவோடிரவாகச் சரினை அழித்தார்கள். ஏழாம் சத்யத்தில் இருந்த ரசாயன ஆலையை மறைத்து, ஸ்டைரோஃபோமில் ஒரு பெரிய சாமி முகம் செய்து முன்னால் நிறுத்தினார்கள். பேராசிரியர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, இது வழிபாட்டு இடம்தான் என்று எழுதினார். பின்னால் அதற்காக வேலையை இழந்தார். மடமோ, எங்கள்மேல்தான் வெளியாட்கள் விஷவாயு அடிக்கிறார்கள் என்று புகார் கொடுத்தது.

பிப்ரவரி 28 அன்று டோக்கியோவில், பட்டப்பகலில், கியோஷி கரியா என்ற 68 வயது அலுவலரை வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். வசதிபடைத்த அவருடைய தங்கை மடத்திலிருந்து தப்பி ஒளிந்திருந்தார். அவர் இருக்குமிடத்தைக் கரியாவிடம் கறக்கப் பார்த்தார்கள். செலுத்திய மருந்திலேயே கரியா செத்துப்போனார். தான் காணாமல் போனால் ஓம் கடத்தியதாகக் கொள்ளுங்கள் என்று அவர் எழுதி வைத்திருந்த சீட்டு கிடைத்தது. வேனை வாடகைக்கு எடுத்த சீட்டில் ஒரு சீடரின் விரல்ரேகை. இந்தத் தடவை இடம் டோக்கியோ. நாட்டிலேயே பெரிய போலீஸான தலைநகரப் போலீஸ் களத்தில் இறங்கியது. மார்ச் 22 அன்று மடத்தின் எல்லா இடங்களையும் ஒரே நேரத்தில் சோதனையிட நாள் குறித்தார்கள். 19ஆம் தேதி ஞாயிறு, அசாக்கா ராணுவ முகாமில் போலீஸாருக்கு விஷவாயுக் கவசம் மாட்டப் பயிற்சி நடந்தது.

அதாவது, போலீஸ் தன் ஆட்களுக்கு முகமூடி கொடுக்கிற அளவுக்கு நம்பியது. மறுநாள் காலை மெட்ரோவில் ஏறியவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்கிற அளவுக்கு நம்பவில்லை.

சோதனை வரப்போகிறது என்று மோப்பம் பிடித்த அசஹாரா, 18ஆம் தேதி அதிகாலையில் தன் காரில் வைத்தே திட்டம் பேசினார். அழித்ததில் தப்பவைத்திருந்த மூலப்பொருளிலிருந்து 19ஆம் தேதி அவசர அவசரமாகச் சரின் காய்ச்சினார்கள். திங்கட்கிழமை காலை 8 மணியளவில் ஐந்து பேர் ஐந்து ரயில்களில், செய்தித்தாளில் சுற்றிய பிளாஸ்டிக் பைகளைக் காலடியில் போட்டு, நுனியைக் கூர் தீட்டிய குடையால் குத்திவிட்டு இறங்கினார்கள். ரயில்கள் எல்லாம் அரசு அலுவலகங்கள் நிறைந்த கசுமிகசெக்கியை நோக்கிப் போகிறவை. சியோடா பாதையில் குத்தியவர் டாக்டர் ஹயாஷி, நம் ‘கிருஷ்ணானந்தா’. எதிரே உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்ததும் தன் தொழில் உயிர் காப்பது என்ற நினைப்பு வந்ததாகப் பிறகு சொன்னார். அந்த நினைப்பையும் சோதனை என்றே எடுத்துக்கொண்டார். அவரிடம் இருந்த இரண்டு பைகளில் ஒன்று மட்டும் கிழிந்தது. கசுமிகசெக்கி நிலையத்தில் அந்தப் பையைக் கையால் எடுத்து வெளியேற்றிய துணை நிலைய அதிகாரி கசுமசா டக்கஹாஷி இறந்தார். அவருக்கு உதவிய ஊழியர் ஒருவரும் இறந்தார். மொத்தச் சாவு முதலில் 12, பின்னால் வருஷங்கள் கழித்துக் கணக்கில் சேர்ந்தவர்களோடு 14. பாதிக்கப்பட்டவர்கள் ஆறாயிரத்துக்கு மேல்.

அன்று காலை ஒரு விஷயம் ஒழுங்காக நடந்தது. நோயாளிகள் செயிண்ட் லூக் மருத்துவமனையில் குவிந்தார்கள்; முதல் நாளே சுமார் 640 பேர். என்ன விஷம் என்று தெரியாமல் டாக்டர்கள் திகைத்து நின்றபோது, மட்சுமோட்டோவில் ஒன்பது மாதம் முன்பு அதே நோயாளிகளைப் பார்த்திருந்த ஷின்ஷூ பல்கலைக்கழக டாக்டர் நொபுவோ யனகிசாவா தொலைக்காட்சியைப் பார்த்துவிட்டுத் தானாகவே போன் செய்தார்: சுருங்கிய கண்மணி, இந்த அறிகுறி, இது சரினாக இருக்கலாம். மாற்று மருந்து டோக்கியோவில் போதவில்லை. நகோயாவிலிருந்து அதிவேக ரயிலில் வந்து சேர்ந்தது. மருத்துவமனையின் ஜெபக்கூடத்தில் நோயாளிகளைப் படுக்கவைத்தபோது சுவரிலேயே ஆக்சிஜன் குழாய் இருந்தது. 1945 குண்டுவீச்சில் நோயாளிகளை வைக்க இடமில்லாமல் தவித்ததை நினைத்து இயக்குநர் ஷிகெயாக்கி ஹினோஹாரா புதுக் கட்டடத்தில் பொருத்தச் சொல்லியிருந்தது. மட்சுமோட்டோவில் கிடைத்த அறிவு ஒரு டாக்டரிடமிருந்து இன்னொரு டாக்டருக்குப் போய்ச் சேர ஒரு போன் போதுமாயிருந்தது. போலீஸிடமிருந்து போலீஸுக்குத்தான் அது போகவில்லை.

மார்ச் 22 அன்று குறித்தபடியே சோதனை நடந்தது. சுமார் 2,500 போலீஸார். விஷவாயு இருந்தால் முதலில் சாகட்டும் என்று கூண்டில் கேனரிக் குருவிகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஏழாம் சத்யத்தில் சாமி முகத்துக்குப் பின்னால் ஆலை இருந்தது. மே 16 அன்று ஆறாம் சத்யத்தில் இரண்டு தளங்களுக்கு நடுவே, ஓர் ஆள் படுக்கும் அளவு இடுக்கில் குருவைக் கண்டுபிடித்தார்கள். பக்கத்தில் 96 லட்சம் யென் ரொக்கம்.

அக்டோபரில் நீதிமன்றம் மதநிறுவனப் பதிவைக் கலைத்தது. டிசம்பரில் மதநிறுவனச் சட்டத்தைத் திருத்தினார்கள். சட்டத்தின் சலுகைதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று அப்போது பேசப்பட்டது, இன்றும் பேசுகிறார்கள். எனக்கு அதில் பாதிதான் சம்மதம். ஒரு வீட்டில் மூன்று பேர் காணாமல் போனால் விசாரிக்க மதச் சட்டத்தில் எந்தத் தடையும் இருந்ததில்லை. அது சாதாரணக் கொலை வழக்கு. 1951ஆம் ஆண்டின் சட்டம் போலீஸுக்குக் கிடைத்த ஒரு சௌகரியமான சாக்கு.

ஓம் அமைப்பையே அடியோடு தடை செய்ய அரசு எடுத்த முயற்சியை 1997 ஜனவரியில் அதற்கான ஆணையம் நிராகரித்தது: இனிமேல் அதனால் பெரிய ஆபத்து இல்லை என்று. குருவும் தளபதிகளும் சிறையில். ஆனால் வெளியே இருந்த சீடர்களில் பலர் போகவில்லை. நாற்பது, ஐம்பது பேராக வாடகை வீடுகளில் சேர்ந்து வாழ்ந்தார்கள், கம்ப்யூட்டர் கடை நடத்திச் சம்பாதித்தார்கள், குருவின் படத்தை வைத்துத் தியானம் செய்தார்கள். ஊர்கள் அவர்களுடைய பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க மறுத்தன. அடுத்த இதழில் அவர்களைப் பார்ப்போம்.